மதியத்தில் விளக்கை அணைத்தவள்

ஜமீலா காரைக்காலில் இறந்துவிட்டாள் என்று அவள் தம்பி போனில் சொன்னபோது, நான் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். போனை வைத்த பிறகும் விரல்கள் பாதி வரி ஓடிவிட்டன. சைகோனில், கான் ஹொய்த் துறைமுகத்துக் கப்பல் முகவர் அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவள் குள்ளம். நாற்காலியை உயர்த்திக்கொண்டு, காலுக்கடியில் ஒரு சரக்குப் பலகையைப் போட்டுக்கொள்வாள். மகாராணி சிம்மாசனம் ஏறிவிட்டாள் என்று கேலி செய்வோம். “சிரிங்க, சிரிங்க. முழங்கை மேசை மட்டத்துல இருந்தாத்தான் மணிக்கட்டு தப்பிக்கும்” என்பாள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் வியட்நாமியர்கள் விளக்கை அணைத்து, மேசைக்கடியில் பாய் விரித்துத் தூங்குவார்கள். ஜமீலாவும் படுத்துவிடுவாள். மற்ற தமிழர்கள் நாங்கள் திரை வெளிச்சத்தில் தட்டிக்கொண்டிருப்போம். நல்ல பெயர் வாங்கலாம் என்று ஒரு நினைப்பு. எனக்கு வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. வேலை அனுமதி புதுப்பிக்கும் சமயம். தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மூச்சு விடவில்லை. டீக் கோப்பை கைநழுவி விழுந்த அன்று ஜமீலா கண்டுபிடித்துவிட்டாள்.

ஒரு நாள் மாலைக்குள் கப்பல் கிளம்ப வேண்டும்; அதன் சரக்குப் பட்டியல்கள் இன்னும் அடித்து முடியவில்லை. இன்றைக்கு யாரும் தூங்கக் கூடாது என்றார் மேலாளர். ஜமீலா எழுந்துபோய் விளக்கை அணைத்தாள். பிறகு என்னைக் காட்டி, வியட்நாமிய மொழியிலேயே அவரிடம், இவள் கை மரத்துவிட்டது, இனியும் தட்டச்சு அடித்தால் கை போய்விடும் என்றாள்.

“என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேடி!” என்று கத்தினேன்.

“வேல போனா வேற தேடிக்கலாம் புள்ள. கை போனா எங்க போயி தேடுவ?” என்றாள் ஜமீலா.

மேலாளர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது ஹோவா என்ற வியட்நாமியப் பெண் வீங்கிய மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். அடுத்து இன்னொருத்தி. அவர் வெளியே போனார். கப்பல் தாமதமாகத்தான் கிளம்பியது.

என்னை மருத்துவரிடம் அனுப்பினார்கள், அனுமதியையும் புதுப்பித்தார்கள். ஜமீலாவுக்குப் புதுப்பிக்கவில்லை. ஏன் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கோபம் தீர்ந்து வெட்கம் வந்த பிறகும் நான் அவளோடு பேசவில்லை. கடைசியில் விமான நிலையத்திலிருந்து அவளே கூப்பிட்டாள்.

“விரல மடக்கிப் பாரு. இன்னும் மரக்குதா?”

“இல்ல” என்றேன்.

“அப்ப சரி” என்று வைத்துவிட்டாள்.

அவளை நினைத்துக்கொள்ள என்னிடம் ஒரு படம்கூட இல்லை. இந்த வலது கை இருக்கிறது. இந்த வரிகளை அந்தக் கையால்தான் தட்டச்சு செய்திருக்கிறேன்.