தம்பி வீட்டு மஞ்சள் டிராக்டர்

என் தம்பி டெல்மரைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் நல்ல வார்த்தைதான் சொல்வார்கள். மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில் எண்ணூறு பேர் இருக்கும் ஊர். எண்ணூறு பேரும் சொல்வார்கள். என்னிடம் மட்டும் கேட்காதீர்கள். நான் ஹார்லன், அவனுக்கு மூன்று வயது மூத்தவன். பதினோரு வருஷம் அவனைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவன். எழுத உட்கார்ந்த பிறகு இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

வெண்ணெய்த் தொழிற்சாலையில் முப்பத்துமூன்று வருஷம் வேலை பார்த்தான் டெல்மர். பெட்டி கட்டும் பிரிவு. கல்யாணத்துக்கு ஒருநாள், தன் குடல்வால் ஆபரேஷனுக்கு நாலுநாள், அவ்வளவுதான் அவன் எடுத்த லீவு. முப்பத்தெட்டு வயது வரை பெண் பக்கமே திரும்பாமல் இருந்துவிட்டு, ஆர்டிஸைக் கட்டிக்கொண்டான். அவள் சுடும் ஏலக்காய் ரொட்டிக்கு தேவாலயத்தில் வரிசை நிற்கும். கொடுத்து வைத்தவன். கிறிஸ்துமஸ் குலுக்கலில் பன்றித்தொடை விழுந்தால் அது அவன் சீட்டுக்குத்தான் விழும். இதெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். டிராக்டரைத்தான் பொறுக்க முடியவில்லை.

வயலில் ஓடும் பெரிய டிராக்டர் இல்லை அது. வீட்டுத் தோட்டத்துக்கானது, ஒரு கன்றுக்குட்டி உயரம். 1966இல் அப்பா வாங்கினார். மஞ்சள் நிறம், ஒற்றை சிலிண்டர், பத்துக் குதிரைசக்தி, உடம்பு முழுக்க வார்ப்பிரும்பு. கோடையில் அடிவயிற்றில் கத்திப் பெட்டியை மாட்டினால் புல் வெட்டும். நவம்பரில் அதைக் கழற்றிவிட்டு முன்னால் தகடு மாட்டி, சக்கரத்துக்குச் சங்கிலி போட்டால் பனி தள்ளும். பின்னால் சின்ன வண்டியைக் கோத்துவிட்டால் விறகோ மண்ணோ எதுவும் இழுக்கும். அந்த டிராக்டரை முதன்முதலில் ஓட்டியது நான். எனக்குப் பதினைந்து வயது. அப்பா பக்கத்திலேயே நடந்து வந்தார்.

அப்பா எண்பத்தொன்பது வயதில் போனார். அம்மா முதியோர் குடியிருப்புக்குப் போக முடிவு செய்ததும், வீட்டைக் காலி செய்ய நானும் தம்பியும் போனோம். அம்மா காபி போட்டுக் கொடுத்துவிட்டு, எது யாருக்கு என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றாள். கராஜுக்குள் போனோம். டெல்மர் டிராக்டரின் மூடியைத் தடவிப் பார்த்தான்.

"இது உனக்கு வேணுமா, ஹார்லன்?"

"அய்ய, எனக்கெதுக்கு. நீ வச்சுக்கோ."

"நெஜமாத்தான் கேக்கறேன். எடுத்துக்கோயேன்."

"வேணாம்ப்பா. எங்கிட்டதான் ஒண்ணு இருக்கே."

"சரி" என்றான் டெல்மர்.

எங்கள் ஊரில் வளர்ந்தவன் எவனும் அந்த இடத்தில் "சரி" என்று சொல்லமாட்டான். இங்கே காபி வேண்டுமா என்று கேட்டால்கூட இரண்டு தடவை வேண்டாம் என்போம். முதல் தடவை கேட்பது மரியாதைக்கு. இரண்டாம் தடவை கேட்பது அன்புக்கு. மூன்றாம் தடவை கேட்டால்தான் நிஜம், அப்போதுதான் "கொஞ்சமா ஊத்து, அரைக் கப் போதும்" என்போம். தாய்ப்பாலோடு சேர்ந்து வருகிற பழக்கம் இது. நான் மூன்றாவது தடவைக்காகக் காத்து நின்றேன். வாயில் பதில்கூடத் தயாராக இருந்தது. அவனோ டிராக்டரைப் பின்னால் தள்ளி, பலகை போட்டு, தன் டிரக்கில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டுவதற்கு நானே கயிறு பிடித்தேன்.

அன்று நான் சும்மா வரவில்லை. அலமாரியில் டிராக்டரின் பழுதுபார்ப்புப் புத்தகம் இருந்தது, ஓரமெல்லாம் அப்பா பென்சிலால் எழுதியது. அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டு நிலவறையில் கிறிஸ்துமஸ் விளக்குப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். கேட்டால் கொடுத்திருப்பான். கேட்பதுதான் எங்களுக்கு வராதே.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்குத் தண்டனை. அவன் வீடு எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில், நாலு வீடு தள்ளி. காலை ஒன்பதுக்கு கராஜ் கதவைத் தூக்குவான். உடனே ஓட்டமாட்டான். கிரீஸ் துப்பாக்கியை எடுத்து, கிரீஸ் ஏற்றும் முனைகளை ஒவ்வொரு நிப்பிளாகக் குத்துவான், மொத்தம் பதினொன்று. எண்ணெய் அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி இழுத்துப் பார்ப்பான். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காகப் பக்கத்து ஊர் வரை போய் வருவான், கலந்ததை ஊற்றினால் கார்புரேட்டர் பிசுக்குப் பிடித்துவிடுமாம். வெட்டி முடித்ததும் பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்து, ஒட்டிய புல்லை மரக்குச்சியால் சுரண்டி, கத்திக்கு அரம் போட்டு, ஒரு ஆணியில் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பான். நான் என் ஜன்னலில் நின்று இத்தனையும் பார்ப்பேன். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"எவ்வளவு நேரா கோடு விழுந்திருக்கு பாரு, அவன் வெட்டின புல்லுல" என்பாள் என் மனைவி ஜாய்ஸ்.

"டிராக்டர் அப்படி."

"ஓட்டறவன் அப்படி இல்லியாக்கும்?"

என்னிடம் இருந்தது கடையில் வாங்கிய புதுசு. பிளாஸ்டிக் மூடி, கப் வைக்க ஒரு குழி. நாலு வருஷத்துக்கு ஒன்று என்று மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. புல்லை வெட்டுவதை விட மென்று துப்பும்.

மே மாதக் கடைசியில், இறந்த வீரர்களுக்குக் கொடி வைக்கும் நாளுக்கு முன்னால், கல்லறைத் தோட்டத்தைச் சுத்தமாக வெட்டி வைக்கவேண்டும். தேவாலயத்தில் அந்த வேலையை டெல்மரிடம் கொடுத்தார்கள். என் அப்பாவின் கல்லைச் சுற்றி என் அப்பாவின் டிராக்டரை அவன் ஓட்டுவான், நான் கையில் கத்தரியை வைத்துக்கொண்டு கல்லோரம் நறுக்குவேன். "உன் தம்பி எவ்வளவு அழகா வச்சிருக்கான் அந்த வண்டிய" என்று வருகிறவர்கள் எல்லாம் என்னிடம்தான் சொல்வார்கள். "ஆமாமா, நல்லா வச்சிருக்கான்" என்பேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் பல்லைக் கடித்துக் கடித்து, ஒரு வருஷம் கடைவாய்ப் பல்லில் விரிசலே விழுந்தது. பல் டாக்டரிடம் கொட்டை கடித்தேன் என்று சொன்னேன்.

ஐந்து வருஷத்துக்கு முன், ஒரு ஜூன் மாதம், அந்த டிராக்டர் நீலப் புகை விட்டது. நான் அதை என் ஜன்னலிலிருந்தே பார்த்தேன். மனசு குளிர்ந்தது. ஜாய்ஸ் ரூபார்ப் தண்டு போட்டுச் சுட்ட கேக்கில் பாதியை எடுத்துக்கொண்டு துக்கம் விசாரிப்பது போலப் போனேன்.

"என்னப்பா ஆச்சு?"

"எண்ணெய் குடிக்குது. பிஸ்டன் ரிங்கு போயிருக்கும்."

"பாவம். அதுக்கும் வயசாச்சுல்ல. இன்னும் எதுக்கு அதோட மல்லுக்கட்டிக்கிட்டு? பேசாம புதுசா ஒண்ணு வாங்கிடு."

"உன்னோடத மாதிரியா?" என்றான். சிரித்திருந்தால் தேவலை. அவன் நிஜமாகவே கேட்டான்.

கேக்கைத் தின்றபடி சொன்னான்: "அப்பாவோட புக்கு ஒண்ணு இருந்துச்சு. போல்ட்டு எவ்வளவு முறுக்கணும்னு எல்லாம் எழுதி வச்சிருப்பாரு. உங்கிட்ட இருக்கா?"

"இல்லியே. நான் பாத்ததே இல்ல."

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அதுதான் சுலபமாக வந்தது. அவன் எஞ்சினைக் கழற்றி, சாப்பாட்டு மேஜைமேல் பழைய போர்வையை விரித்து, ஒவ்வொரு துண்டாகப் பிரித்து வைத்தான். ஆர்டிஸ் ஒரு வாரம் அந்த மேஜையில் தட்டு வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துச் சாப்பிட்டாள், குறை சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் டிராக்டர் ஓடியது. அடுத்த மாதம் கோடைத் திருவிழாவில், பால்பண்ணை இளவரசியாக அந்த வருஷம் தேர்ந்தெடுத்த பெண் உட்கார்ந்த வண்டியை இழுத்துக்கொண்டு முன்னைவிடக் கம்பீரமாகப் போனது. கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் ஆட்கள் நின்றதால் நானும் தட்டினேன்.

போன வருஷம் டெல்மருக்குக் கழுத்து எலும்பில் ஆபரேஷன். கம்பி வைத்து இறுக்கிவிட்டார்கள். பின்னால் பார்க்க வேண்டும் என்றால் உடம்பையே திருப்பவேண்டும். டிராக்டரில் குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டை விற்றுவிட்டு, புல்லையும் பனியையும் நிர்வாகமே பார்த்துக்கொள்ளும் குடியிருப்பு ஒன்றுக்குப் போவதென்று அவனும் ஆர்டிஸும் முடிவு செய்தார்கள். அங்கே கராஜில் ஒரு காருக்குத்தான் இடம்.

அப்புறம் எனக்குத் தூக்கம் இல்லை. பழைய டிராக்டர் சேர்க்கிறவன் ஒருவன் பக்கத்து மாவட்டத்திலிருந்து இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான். தேவாலயத்துக்கே கொடுத்துவிடலாமே என்று பாதிரியார் காதில் யாரோ போட்டிருந்தார்கள். அது வேறு யாரிடமாவது போய்விட்டால் இந்த ஜென்மத்தில் எனக்கில்லை.

"வாயத் தொறந்து கேளேன்" என்றாள் ஜாய்ஸ்.

"கேக்கக்கூடாது. அவனா குடுக்கணும்."

"அப்ப பொருமிக்கிட்டே கெட."

பெட்டி கட்ட உதவுகிற சாக்கில் போனேன். கராஜ் பாதி காலியாகியிருந்தது. டிராக்டர் மட்டும் நடுவில், துடைத்துப் பளபளவென்று. டெல்மர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கந்தலில் கை துடைத்துக்கொண்டிருந்தான்.

"இது உனக்கு வேணுமா?" என்றான்.

"எனக்கெதுக்கு" என்றது என் வாய். எழுபத்துநாலு வருஷப் பழக்கம். எனக்கே என் வாயை அறையலாம் போலிருந்தது.

"நெஜமாத்தான் கேக்கறேன், பெரியவரே. எடுத்துக்கோ."

"உனக்கு வேற யாராச்சும்... நீ யோசிச்சு..."

அவன் கந்தலை மடித்துத் தொடைமேல் வைத்தான்.

"போன தடவையும் இங்கதான் நிறுத்தினேன்" என்றான்.

"என்னது?"

"அப்பா கராஜுல. மூணாவது தடவ கேட்டா நீ சரின்னுடுவேன்னு தெரியும். அதான் கேக்கல."

பதினோரு வருஷம், அவனுக்குக் கூறு இல்லை, மரியாதை தெரியவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். தெரிந்தே செய்திருக்கிறான்.

"ஏண்டா?"

"உனக்குப் பதினஞ்சு வயசுல குடுத்தாரு. எனக்கு மரத்தடியச் சுத்தி வெட்டறதுக்குக் கையால தள்ளற மிஷினு. நீ வேலைக்குப் போயாச்சு, கல்யாணம் ஆயாச்சு, அப்பவும் என்ன ஏத்தல. 'நீ மொரடன், கியர ஒடச்சுருவ'ன்னாரு. எனக்கு அம்பது வயசானப்பவும் அதையே சொன்னாரு. அவரு செத்த பெறகுதான் ஹார்லன் நான் அதுல மொத மொத உக்காந்தது."

அவன் அதற்குப் பதினொரு நிப்பிளிலும் கிரீஸ் குத்தியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு பல்லும் உடையாமல் அந்த கியரைக் காப்பாற்றிக் காட்டியிருக்கிறான், செத்துப்போன மனிதருக்கு. எனக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். வந்தது, கொஞ்சம். ஆனால் அதற்கு முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது. என்னைப் பார்த்து ஒருத்தன் ஐம்பது வருஷம் பொறாமைப்பட்டிருக்கிறான், எனக்கு அது தெரியாமலே, அனுபவிக்காமலே போயிருக்கிறது.

"அப்பாவோட புக்கு எங்கிட்டதான் இருக்கு" என்றேன்.

"தெரியும். நான் எஞ்சினப் பிரிச்ச வாரமே ஜாய்ஸ் சொல்லிட்டா."

"அப்ப ஏன் மறுபடி கேக்கல?"

"நீ ஏன் குடுக்கல?"

இரண்டு பேரும் டிராக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவன் மூன்றாவது தடவை கேட்டான், என் முகத்தைப் பார்க்காமல். நான் சரி என்றேன்.

அடுத்த சனிக்கிழமை என் வீட்டில் வெட்டினேன். பதினொரு நிப்பிளுக்கும் கிரீஸ் குத்தினேன், எண்ணெய்க் கம்பியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். கிளட்சை விட்டதும் அது குலுங்கிப் புறப்பட்டது, பதினைந்து வயதில் பார்த்த அந்தக் குலுங்கல் எனக்கு மறக்கவே இல்லை. கோடு நேராக விழுந்தது. ஜாய்ஸ் வாசலுக்கு வந்து கோட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கடைசிச் சுற்றில் பார்த்தால் தெருவோரம் டெல்மரின் கார் நிற்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஸ்டியரிங்மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தான். இறங்கவில்லை, கையும் ஆட்டவில்லை. கழுத்து திரும்பாததால் நான் அந்தக் கோடிக்குப் போகும்போது உடம்போடு திரும்பினான், இந்தக் கோடிக்கு வரும்போது உடம்போடு திரும்பினான். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருஷம் என் ஜன்னல் கண்ணாடியில் நான் பார்த்த என் முகம்தான் அது.

புல் முழுக்க வெட்டி முடிந்திருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு அவனை உள்ளே கூப்பிட்டு ஒரு காபி கொடுத்திருக்கலாம். நான் கத்தியை மறுபடி இறக்கி, வெட்டிய புல்லையே முதலிலிருந்து இன்னொரு தடவை வெட்டினேன்.