ஸ்டெல்லா அக்கா மாற்றச் சொன்ன பொத்தான்கள்

ஸ்டெல்லா அக்கா இன்று காலை போய்விட்டார். கொத்தமங்கலத்திலிருந்து அவர் மகன் போன் செய்தான்...

அழ வேண்டும்தான். ஆனால் அக்காவை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, என்ன செய்ய!

தொண்ணூறுகளின் கடைசி. காரைக்குடியில் ஒரு திருமணத் தகவல் மையம். அக்கா அங்கே டைப்பிஸ்ட். நான் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த மிதப்பில் அவர்களுக்கு வெப்சைட் செய்ய வந்தவன்.

பீரோவில் ஃபைல்கள் மேல் ஒட்டியிருந்த தலைப்புகளை அப்படியே முகப்பில் பொத்தான்களாக வைத்தேன். மணமகன், மணமகள், விதவை, ஊனமுற்றோர், வயது கடந்தவர்... எனக்கு ஒரே பெருமை.

முதல் ஆளாகக் காளையார்கோவிலிலிருந்து ஒரு அம்மா, மகள் செல்வியை அழைத்து வந்தார். கல்யாணமான வருடமே கணவரை இழந்த பெண், கணக்கு டீச்சர். மவுஸை அவள் கையிலேயே கொடுத்தேன்.

'விதவை' பொத்தான் வரை போனாள். கையை எடுத்துவிட்டாள். "வாம்மா, போவோம்."

அக்கா ஓடிவந்து வாசலை மறித்தார். "ஒரு காப்பி குடிச்சிட்டுப் போவீகளாம். அதுக்குள்ள தம்பி இதை மாத்திருவாப்ல."

காப்பிக்குள்ளா! அன்றைக்குத் தமிழ் எழுத்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரியாது. ஒவ்வொரு பொத்தானையும் படமாக வரைய வேண்டும்.

"பீரோவுலயும் அப்படித்தானம்மா இருக்கு?" என்றார் முதலாளி.

"பீரோவை நாம பாக்குறோம் சார். இதை அவுகளே பாக்குறாக. எந்தப் பிள்ளை அதைத் தொடும்?"

காப்பி முடிந்தது. பணியாரம் வந்தது. பிறகு அக்காவின் டிபன் பாக்ஸே அவர்களுக்குப் போனது. நான் வியர்க்க விறுவிறுக்க வரைந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் இரண்டே பொத்தான். 'பெண் தேட', 'மாப்பிள்ளை தேட'. உள்ளே எல்லாருக்கும் ஒரே கட்டம்: 'உங்களைப் பற்றி நீங்களே சொல்லுங்கள்'.

செல்வி டைப் அடித்தாள். கணக்கு நன்றாக வரும். மொபெட் ஓட்டுவேன். எதிர்த்துப் பேசுவேன். கணவர் இறந்ததை நான்காவது வரியில் எழுதினாள். 'எதிர்த்துப் பேசுவேன்' என்ற வரிக்கு ஆபீஸே சிரித்தது, அவளும்தான்.

அடுத்த வருடம் செல்விக்குக் கல்யாணம். ஆரத்தித் தட்டை எடுத்துவந்து செல்வி நேரே அக்காவிடம் நீட்டினாள். "நீங்கதான் எடுக்கணும்க்கா."

அக்காவும் கணவரை இழந்தவர். எட்டு வருடம் அந்தப் பீரோவுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

யாரோ முணுமுணுத்தார்கள். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, தட்டை மூன்று சுற்று சுற்றினார்.

போயிட்டு வாங்கக்கா...