ஐந்து குடோனும் ஒரு குளிர்க் குழாயும்

குளிர்சாதன வேலை பார்ப்பவனை ஜில்லென்று இருக்கும்போது யாரும் நினைப்பதில்லை; சூடு ஏறினால்தான் தேடுவார்கள். இதே தொழிலில் வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம், கொடைரோடு போகிற வழியில் ஒரு பிளாண்டில் ஆபரேட்டராக இருந்தேன். ஒரே மெஷின் ரூமிலிருந்து தரைக்கடியில் குழாய் போட்டு, பூ, காய், திராட்சை என்று ஐந்து குடோன்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்புவோம்.

வெள்ளைக் கூழ்

ஒரு கோடையில் கல்லூரியிலிருந்து ஒரு இன்ஜினியர் மேடம் சோதனைக்கு வந்தார். சோடாவில் அடைக்கிற கார்பன் டை ஆக்சைடை அழுத்தி தண்ணீரில் ஏற்றிக் குளிரவைத்தால், ஏழெட்டு டிகிரியிலேயே அது வெள்ளைக் கூழாக உறையுமாம். வெறும் தண்ணீரைவிட அதிகக் குளிரைச் சுமக்கும், கரண்டும் மிச்சம் என்றார். குழாயில் பதித்த கண்ணாடி வழியாக அது நகர்வதை எல்லோரும் பார்த்தோம். ஃபிட்டர் சவரிமுத்து அண்ணன் மட்டும் வேலைக்கு நடுவே திரும்பத் திரும்ப வந்து பார்த்தார். மல்லிகை குடோன் வைத்திருந்த பாண்டியம்மாள் அக்கா ஒரே தரம் குனிந்து பார்த்தார். “பாக்க நல்லாத்தான் இருக்கு. நின்னு போச்சுன்னா என்ன செய்வீங்க?”

அடைப்பு

மூன்றாவது வாரம் நின்றது. கூழ் கட்டியாகி, பூ குடோனுக்குப் போகும் குழாயை அடைத்துக்கொண்டது. கல்யாண ஆர்டருக்குக் கட்டிவைத்த மல்லிகை மதியத்துக்குள் பழுப்பேறிவிட்டது. மேடம் ஊரில் இல்லை, போனிலும் கிடைக்கவில்லை. குழாயில் சாக்கைச் சுற்றி வெந்நீர் ஊற்றலாம் என்று நான்தான் சொன்னேன். அரை மணியில் அடைப்பு விட்டது. பாண்டியம்மாள் அக்கா கூடைகளைக் குப்பைமேட்டில் கவிழ்த்துவிட்டு வந்தார். “பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட நீயே வந்து சொல்லுப்பா. என் வாயில வராது.”

வால்வுக் குழி

கூழ் உருகினால் அதற்குள் இருக்கும் அம்புட்டு வாயுவும் வெளியே வரும் என்பது எனக்குத் தெரியாது. அன்று மதியமே, ஆளுயர வால்வுக் குழியில் ஒரு ஜாயிண்ட் அழுத்தம் தாங்காமல் உஸ்ஸென்று கசிந்தது. குளிரூட்டும் மெஷினில் ஓடுகிற அமோனியாவாக இருந்தால் மூக்கு எரியும், ஓடிவிடுவோம். இது காற்றைவிடக் கனம். வாடையே இல்லாமல் குழியில் தேங்கி நிற்கும். சவரிமுத்து அண்ணன் மேலே நின்று, “வாடை ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார். “இல்லண்ணே, எறங்குங்க” என்றேன்.

ஸ்பானரோடு இறங்கியவர் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, அப்படியே சரிந்தார். பின்னாலேயே இறங்கப் போன என்னை லோடுமேன்கள் இடுப்பைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். கயிற்றில் சுருக்குப் போட்டு அவரைத் தூக்கியபோது உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை.

அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்திலேயே அவர் மனைவி பிலோமினா அக்காவிடம் போனேன். இறங்கச் சொன்னது நான்தான் என்றேன். அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. “வேற யார்ட்டயும் சொல்லாத தம்பி. எம்மகனுக்குத் தெரிஞ்சா ஒன்னய வெறுத்துருவான்.”

பழையபடி தண்ணீர்

சோதனை நின்றது. குழாய்களைக் கழுவி, பழையபடி தண்ணீரை விட்டோம். மேடம் வந்து குழி ஓரத்தில் நின்றார். அவராகத்தான் சொன்னார். “இங்க வாயு கசிஞ்சா காட்டுற கேஸ் மீட்டர் ஒண்ணு வைக்கணும்னு எழுதிக் கொடுத்தேன். அது வர்ற வரைக்கும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு எழுதல.”

ஊர்ச் சரக்கையெல்லாம் மூடிய அறையில் வைத்துக் குளிரூட்டிப் பிழைத்தவன், என் வீட்டில் மட்டும் இன்றுவரை ஒரு ஜன்னலைக்கூட மூட விடுவதில்லை.