தலையைக் காட்டப் போய் வயிற்றைக் காட்டிய கதை

எனக்கு மூளைக் கோளாறு என்று எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் எல்லோரும் நம்பியிருந்தார்கள். நானும் நம்பினேன். இலங்கையில் எஹலியகொடைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், குடியிருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. பாடம் நடக்கும்போது மேசையில் கவிழ்ந்து கிடப்பேன். எழுப்பினால் பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளுவேன். ஒருநாள் கிள்ளல் முற்றிக் கடியானதும், யாழ்ப்பாணத்து டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். தலையைக் காட்டி மருந்தெடுக்காவிட்டால் என்னை அடுத்த வகுப்புக்கு ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.

அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். இந்த லயத்திலிருந்து முதலில் யூனிவர்சிட்டி போகப்போவது தன் மகள்தான் என்று நான் பிறந்த அன்றே தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்தவர். அன்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் நடமாட்டமில்லாத குறுக்குப் பாதையில் என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

மாமா கோயிலில் மந்திரித்த கறுப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட்டார். நூல் கட்டிய கையாலேயே மறுநாளும் கிள்ளினேன். பிறகுதான் அப்பா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் சிங்களவர். என் தலையை அவர் தொடவே இல்லை. கட்டிலில் படுக்கவைத்து வயிற்றை அமுக்கினார். நான் ஓவென்று கத்தினேன். பிள்ளை தினமும் வெளிக்குப் போகிறதா, காலையில் என்ன சாப்பிடுகிறது என்று சிங்களத்தில் விசாரித்தார். அப்பா பக்கத்தில் நின்ற தமிழ் நர்ஸிடம் முணுமுணுத்தார். "தலையக் காட்ட வந்தோமுங்க. இவரு வயித்தையே பாக்குறாரு."

காலையில் நான் சாப்பிட்டது பணிஸ், சூன் பாண் வண்டிக்காரன் விற்கும் இனிப்பு பன். பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் அந்த பேக்கரி த்ரீவீல் ஆட்டோவை மறித்து, சீனி தூவிய பணிஸ் வாங்கி, சீனித் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்பேன். மத்தியானம் பிஸ்கட். இரவுச் சோற்றில் கீரை வந்தால் ஓரமாக ஒதுக்கிவிடுவேன். அம்மா கார்மென்ட் வேலைக்குப் போகத் தொடங்கியபின் வந்த பழக்கம் இது. பிள்ளைக்குக் கடைச் சாப்பாடு கொடுப்பதென்றால் எங்கள் லயத்தில் அது ஒரு மதிப்பு. பழைய சோறு தின்கிற பிள்ளையைத்தான் பாவம் என்பார்கள்.

மலச்சிக்கலும் வயிற்று நோவுமாக இருக்கிற பிள்ளைக்குப் பாடம் எங்கே ஏறும், வயிறு கெட்டால் குணமும் சேர்ந்துதான் கெடும் என்றார் டாக்டர். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து எழுதினார். பணிஸை நிறுத்திவிட்டு கீரை, பருப்பு, பழம், தயிர் கொடுக்கச் சொன்னார். பழைய சோறும் நல்லதுதான் என்றார்.

அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "புள்ளைக்குப் பழைய சோறு போடவா நான் கார்மென்டுக்கு ஓடுறேன்?" என்று அழுதார்.

"அவ அடுத்த வகுப்புக்குப் போகணுமா, வேணாமா?" என்றார் அப்பா.

மறுநாளே காலைச் சாப்பாடு அப்பா கைக்குப் போயிற்று. ரப்பர் மரங்களின் பட்டையை வெட்டி முடித்தபின் மரத்தில் கட்டிய சிரட்டைகளில் பால் வடியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் மலையிலிருந்து இறங்கி வருவார். பழைய சோற்றில் தயிரும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிசைந்து, வல்லாரைக் கீரைச் சம்பலோடு எனக்கு முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார். அந்த நேரம் பார்த்து சூன் பாண் பாட்டு மேட்டில் கேட்கும். நான் தட்டைத் தள்ளிவிட்டு உருண்டு புரளுவேன். அப்பா அசைய மாட்டார். "பாட்டு போயிரும். நீ சாப்புடு" என்பார். பிறகு என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் பால் எடுக்க மறுபடி மலை ஏறுவார்.

ஒரே நாளில் சரஸ்வதி வந்து என் நாக்கில் உட்கார்ந்துவிடவில்லை. முதலில் வயிற்று நோவு போனது. பிறகு மேசையில் கவிழ்வது நின்றது. கிள்ளும் பழக்கம் எப்போது விட்டதென்று எனக்கே தெரியாது. வருஷக் கடைசியில் வகுப்பில் இரண்டாவதாக வந்தேன். "உங்கட மகளுக்கு நல்ல மூளை" என்று அதே டீச்சர் அப்பாவிடம் சொன்னார். மற்ற அப்பாக்கள் என்றால் பிள்ளையின் தலையைத் தடவியிருப்பார்கள். என் அப்பா எல்லோர் முன்னாலும் என் வயிற்றைத் தட்டிக்கொடுத்தார். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. அவருக்கோ பெருமை தாங்கவில்லை, வழியில் கண்டவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்பா சொன்னபடியே யூனிவர்சிட்டியும் போனேன். இன்று நானும் ஒரு டீச்சர். வகுப்பில் நெளிகிற பிள்ளையிடம் காலையில் என்ன சாப்பிட்டாய் என்றுதான் முதலில் கேட்கிறேன். போன பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போனபோது இதையும், பால் வடிகிற இடைவெளியில் அப்பா எனக்குச் சோறு போட்டதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவோடு பால் வெட்டிய சித்தப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். மற்றவர்கள் விடிந்தபின்தான் மலை ஏறுவார்களாம். அப்படி ஏறினால், நான் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் பாதி மரம்கூட வெட்டி முடிந்திருக்காதாம்.

"ஒங்கப்பன் மட்டும் நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டு கும்மிருட்டுலயே ஏறிருவாரு, ஒனக்குச் சோறு போடணும்னு" என்றார்.

பால் வடிகிற நேரம் அப்பாவுக்குச் சும்மா கிடைத்த நேரம் என்றுதான், தட்டைத் தள்ளிவிட்ட ஒவ்வொரு காலையிலும் நான் நினைத்திருந்தேன்.