முராய் எங்கே பாடுதுன்னு கேட்டவர்

இன்னிக்குக் காலையில பினாங்கு மலையடிவாரத்துக் காட்டுப் பாதையில நடந்தது. எந்தப் பாதைன்னு மட்டும் கேட்காதீங்க.

அக்டோபர் வந்தாச்சு, வடக்கேயிருந்து பறவைங்க வர ஆரம்பிச்சிருக்கு. படம் எடுக்க கேமராவோட தனியா நின்னேன். புதருக்குள்ள முராய்ங்கிற நீள வால் பாட்டுக் குருவி ஒண்ணு பாடிட்டு அப்பதான் ஓய்ஞ்சது.

ஒருத்தர் வந்தார். கேமரா இல்ல, பைனாகுலர் இல்ல. முதுகுல பெரிய பை, கையில குட்டி ஸ்பீக்கர்.

"அக்கா, பிறை ஊர்லேருந்து வர்றேன். இங்க முராய் பாடுமாமே, எங்க கேட்டீங்க?"

எனக்குத் திக்குன்னு ஆச்சு. நல்லாப் பாடுதுன்னே அதை வலை போட்டுப் பிடிச்சுக் கூண்டோட விக்கிறாங்க. ஸ்பீக்கர்ல அதோட பாட்டைப் போட்டுத்தான் கிட்ட வரவைப்பாங்க.

"இங்க ஒண்ணும் இல்ல தம்பி. மேல மூங்கில் பக்கம் பாருங்க"ன்னு வாய்க்கு வந்த இடத்தைச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்துல சிரிச்ச முகத்தோட இறங்கி வந்தார்.

"ரொம்ப நன்றிக்கா! நீங்க சொன்ன இடத்துலேயே ஜோடியா இருக்கு. நாளைக்குக் கூட்டாளியோட வர்றேன்."

அவரோட பையைப் பார்த்தேன்.

"பையில என்ன தம்பி?"

"சாப்பாடுதான்லா"ன்னு சொல்லிட்டு வேகமா நடந்தார்.

பின்னாலேயே போய் அவரோட மோட்டார்சைக்கிள் நம்பரைப் படம் எடுத்து வனவிலங்கு இலாகாவுக்கு அனுப்பிட்டேன். காலையில ஆள் வரும்னு சொன்னாங்க. நானும் மூங்கில்கிட்ட நிப்பேன். நிஜமாவே பையில சோறுதான்னா, மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.

இன்னிக்கு எனக்குத் தெளிவா விழுந்த ஒரே படம் அந்த மோட்டார் நம்பர்தான். நாளைக்கு யாரெல்லாம் கூட வர்றீங்க? வர்றவங்களுக்குப் பாதையைத் தனியாச் சொல்றேன்.