தக்லாகோட்டுக்குப் போன தேங்காய்

என் பையில் இருந்தவற்றில் திபெத்து எல்லை அதிகாரிக்குச் சந்தேகம் தந்தது தேங்காய் ஒன்றுதான். காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே தண்ணீர் சலசலத்தது. இன்னொருவரைக் கூப்பிட்டு அவர் காதிலும் ஆட்டிக் காட்டினார். நான்கு பேர் கேட்ட பிறகுதான் திருப்பித் தந்தார்கள். பனிக் கணவாய் ஏறும்போதுகூட எனக்கு அப்படி மூச்சுத் திணறவில்லை.

எண்பதுகளில் கயிலை யாத்திரையை மறுபடியும் திறந்துவிட்டிருந்தார்கள். நான் பென்ஷன் வாங்க ஆரம்பித்த வருடம் மனுப் போட்டேன். துணைக்கு வந்தவன் என் மனைவியின் தம்பி. வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருந்தான். எனக்கு வேண்டுதல் எதுவும் கிடையாது, பூகோளப் பாடத்தில் படித்த இடத்தைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். வேண்டுதல் என் மனைவியுடையது. எங்கள் மகளுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவது ஐந்தாம் மாதத்தில் இருந்தது. திருப்புட்குழிக் கோயிலில் யாரோ ஒரு அம்மாள் என் மனைவியிடம், திபெத்தில் தக்லாகோட்டுக்குப் பக்கத்து மடத்தில் ராமர், லட்சுமணர், சீதை மூவரும் வெள்ளியில் நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். உடனே எங்கள் உத்திரமேரூர்க் கொல்லை மரத்துக் காய் ஒன்று என் பையில் ஏறியது.

"அந்த ராமருக்கு ஒடைச்சி ஒரு மூடிய எடுத்துக்கினு வாங்க. அத்த இவ துன்னாத்தான் கொயந்த நல்லபடியா பொறக்கும்."

"வர்றதுக்குள்ள கெட்டுப்போவும்."

"பனியில எங்க கெடும்? மூடி இல்லாம மட்டும் வூட்டாண்ட வராதீங்க."

தக்லாகோட்டில் தெரு என்று சொல்லத்தக்கது ஒன்றுதான். மண் வீடுகள், கூரை மேல் வெளுத்த கொடிகள், மத்தியானம் ஆனால் கண்ணைத் திறக்க விடாத புழுதிக் காற்று. மலையுச்சியில் ஒரு பெரிய மடம் இடிந்து கிடந்தது. எத்தனை சுவர் மிச்சம் என்று கீழிருந்து எண்ணிப் பார்த்தேன், சுவர் எது பாறை எது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். குன்றைக் குடைந்து கட்டிய இன்னொரு மடத்துக்கு ஏணி வைத்து ஏறினோம். புகை படிந்த அறையில் புத்தர் உட்கார்ந்திருந்தார். மச்சான் விளக்கை முகர்ந்து பார்த்துவிட்டு, "இத்தினி வெண்ணய எரிக்கிறாங்களே மாமா, ஒரு தோச இல்ல இங்க" என்று வருத்தப்பட்டான்.

மறுநாள் லாரியில் ராமர் மடத்துக்குப் போனோம். எங்களோடு வந்த மொழிபெயர்ப்பாளர் தலைவலி என்று ஊரிலேயே படுத்துவிட்டார்.

உள்ளே நல்ல இருட்டு. நாற்பத்தொரு விளக்கு. மூன்று உருவங்களும் ஆள் உயரத்துக்கு மேல். வில் இல்லை, அனுமாரும் இல்லை. அவர்கள் போதிசத்துவர்கள், ராமர் அல்ல என்று மச்சானிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தேன். ஆனாலும் பழக்கம் விடவில்லை. நம் ஊரில் அர்ச்சகர் கையில் தேங்காயைக் கொடுத்தால் உடைத்து ஒரு மூடியைத் திருப்பித் தருவார் அல்லவா, அதே நினைப்பில் எதிரே நின்ற துறவியிடம் நீட்டிவிட்டேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, நெற்றியில் ஒற்றி, நடு உருவத்தின் காலடியில் வைத்து, வெண்பட்டுத் துணி சுற்றி, தம் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் அங்கேயே நின்றேன்.

"இன்னா மாமா நிக்கிற?"

"மூடி தரணும்டா."

"ஒடைக்கவே இல்லியே."

உடைக்கச் சொல்லி உள்ளங்கையில் குத்திக் காட்டினேன். அவரும் தம் கையில் ஓங்கித் தட்டிக் காட்டிச் சிரித்தார். தேங்காயைச் சுட்டினேன். எனக்கும் கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி போட்டார். பாதி என்று சைகை செய்தேன். அரைக் கோப்பை உப்புத் தேநீர் வந்தது. என்னிடம் கொடு என்று கை நீட்டினேன். ஒரு பிடி பார்லி மாவு விழுந்தது.

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"விடு மாமா. டில்லியில ஒரு காய வாங்கி ஒடைச்சிக்கலாம். அக்காவுக்கு இன்னா தெரியும்?"

"ராமருக்குத் தெரியுமே."

"அவரு ராமரே இல்லன்னு நீதான என் காத அறுத்துக்கினு வந்த?"

எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உண்மை. ஆனால் நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த மூடி வராததால்தான் என்று வீட்டில் சொல்வார்கள், நானும் ராத்திரியில் அப்படித்தான் நினைப்பேன். அதனால் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான் பெருமூச்சு விட்டுக் கம்பளியைச் சுருட்டிக் கோட்டுக்குள் திணித்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அந்த இருட்டில் நிறைமாதக்காரி போல நடந்தான். தொட்டில் ஆட்டினான். பிறகு என்னைச் சுட்டிக் காட்டினான். துறவி என் வயிற்றைப் பார்த்தார். மச்சான் அவசரமாக, என் மகள் என்பதற்குக் கையைத் தாழ்த்தி உயரம் காட்டிப் பின்னல் போட்டுக் காட்டினான்.

துறவிக்குப் புரிந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்து, முணுமுணுத்துக்கொண்டே முடிச்சுப் போட்டு, அதில் ஊதி, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். மூடிய என் கையைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருந்தார். அதற்கு மேல் மூடியைப் பற்றிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. எழுந்துவிட்டேன்.

"அக்காவாண்ட நீயே சொல்லிக்க. நான் வாலாஜாபாத்லயே எறங்கிக்கிறேன்" என்றான் மச்சான். சொன்னபடியே இறங்கியும் கொண்டான்.

வீட்டு வாசலிலேயே என் மனைவி கையை நீட்டினாள். நடந்ததைச் சொல்லிக் கயிற்றைக் கொடுத்தேன்.

"ஒடைக்காமலா வெச்சிக்கினாரு?"

"ஒடைக்காமத்தான்."

அவள் பையை வாங்கி உள்ளே வைத்தாள். "நம்ம ஊர்ல எந்த சாமி முழுக் காய வாங்கிச்சி, சொல்லுங்க. பாதியத் திருப்பித்தான குடுக்குது" என்றாள். பொழுது சாய்வதற்குள், எங்கள் காயை ராமர் முழுசாக வாங்கிக்கொண்ட செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. அவர் ராமர்தானா என்ற விஷயத்தை நான் எடுக்கவில்லை.

ஐப்பசியில் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம் என்று நர்ஸ் வந்து சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இதுக்குத் தொணைக்கு ஒண்ணு வேணும். அடுத்த தபா ரெண்டு காயா எடுத்துக்கினு போங்க. ஒண்ண அவரு வெச்சிக்கட்டும், ஒண்ண ஒடைங்க."