என் தோள் வேண்டாம் என்றவள்

மூன்று வருடங்களுக்கு முன்பு தர்மபுரி மைதானத்தில் நடந்தது இது. புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தவன் நான். அதன்பிறகுதான் சக்கர நாற்காலிப் பந்தயத்துக்கு வந்தேன். மாநிலப் போட்டி நெருங்கியதால், பொம்மிடியிலிருந்து தினமும் மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்து வெறி பிடித்த மாதிரி பயிற்சி செய்துகொண்டிருந்தேன்.

அப்போது சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். எங்கள் தசைகளின் பலத்தை அளந்து, கணினியில் தோளின் மாதிரியை உருவாக்குவது அவள் வேலை. அவள் பிடித்திருக்கும் சின்னக் கருவியை முதலில் தள்ள வேண்டும், பிறகு இழுக்க வேண்டும். நான் தள்ளியதில் அவளே பின்னால் போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இழுக்கும்போது மட்டும் தோளில் சுருக்கென்றது. பயிற்சி வலிதானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் முழு வேகத்தில் ஓட்டிக்காட்ட வேண்டும். கையுறை மாட்டித் தயாராக உட்கார்ந்திருக்கிறேன், அவள் போனில் தன் பேராசிரியரிடம், இவர் வேண்டாம், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏம்மா, வூட்டு வேலையெல்லாம் போட்டுட்டு வந்து குந்தியிருக்கறன். நான் லாயக்கில்லாதவனா?"

அவள் கோபப்படாமல் கணினியைத் திருப்பிக் காட்டினாள். தள்ளித் தள்ளியே நெஞ்சுத் தசைகள் முறுக்கேறிவிட்டனவாம், தோளைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் தசைகள் வெறும் சோப்ளாங்கியாம். இப்படியே ஓட்டினால் மூட்டு தாங்காது என்றாள். போட்டியை எப்படி விடுவது என்று நான் மல்லுக்கு நின்றேன்.

"கட்டில்ல இருந்து நாற்காலிக்கு, நாற்காலியில இருந்து பாத்ரூமுக்கு, எல்லாமே இந்தத் தோள்தானேண்ணா?" என்றாள்.

மாட்டியிருந்த கையுறையைக் கழற்றினேன்.

அவளே மருத்துவமனைக்கும் கூட வந்தாள். ஸ்கேனில் பார்த்தால் தசைநார் பாதி நைந்திருக்கிறது. இன்னொரு பந்தயம் ஓட்டியிருந்தால் அறுந்தே போயிருக்கும் என்றார் டாக்டர்.

அந்தப் போட்டி போயிற்று. வெட்கத்தை விட்டு அழுதேன். ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுக்கும் பயிற்சியை, அவள்தான் வாராவாரம் வீடியோவில் வந்து சொல்லிக்கொடுத்தாள். என்னை விட்டுவிட்டு வேறு ஆள் தேடியதில் அவள் படிப்பு மாதக்கணக்கில் தள்ளிப்போனதாம். அதை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எங்கள் பயிற்சியாளர் சொல்லித்தான் தெரியும்.

அடுத்த வருடம் மாநிலப் போட்டியில் ஓட்டினேன். நான்காவதாகத்தான் வந்தேன். அன்று இரவு வீடு திரும்பி, மனைவியைக் கூப்பிடாமல் நானே கட்டிலில் ஏறிப் படுத்தபோது, எந்தப் பதக்கத்தையும்விடப் பெரிய ஒன்றை அந்தப் பெண் எனக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று புரிந்தது.